கொழுப்பைக் கண்ட ஸ்கேன் தழும்பைக் காணவில்லை

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்தில் தொழில் நடத்துபவர்களுக்கும், அங்கே பணியாளர் நலனைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,



2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை செய்துதர வேண்டும் என்கின்றன. உங்களில் பலர் சட்டம் சொல்லும் முன்பே அதைச் செய்துவருகிறீர்கள். காலையில் வெறும் வயிற்றில் வரச்சொல்லி ரத்தம் எடுக்கிறார்கள். ஈசிஜி எடுக்கிறார்கள். வயிற்று ஸ்கேன் முடிந்ததும் இட்லி, பொங்கல் கொடுத்து ஷிஃப்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல காரியம். அந்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் ஒரே ஒரு வரியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற வரி.

நான் பொது மருத்துவம் பார்ப்பவன். உங்கள் ஆட்கள் அந்த அறிக்கையோடு வந்து உட்காருவது என்னைப் போன்றவர்களின் முன்னால்தான். அவர்களில் பாதிப் பேர் பயந்துபோய் வருகிறார்கள். மீதிப் பேர் வேறு எதற்கோ வந்துவிட்டு, "இதையும் ஒரு பார்வை பாத்துருங்க டாக்டர்" என்று கடைசியில் நீட்டுகிறார்கள். பயப்படுபவர்களில் பலருக்குப் பயப்பட ஒன்றும் இருப்பதில்லை. சாவகாசமாக நீட்டுபவர்களில் சிலரைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கல்லீரலில் கொழுப்பு சேர்வது நம் நாட்டில் எவ்வளவு சாதாரணம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வயது வந்தவர்களில் 38.6 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. அந்தக் கணக்கில் இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டில் எழுபது பேருக்கு மேல் வரும். ஹைதராபாத் ஐடி ஊழியர்கள் 345 பேரைப் பரிசோதித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில் 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. கோவையில் சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன்.

'எங்கள் ஆட்கள் உடம்பு வளைந்து வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு எப்படி வரும்?' என்று நீங்கள் கேட்கலாம். மேற்கு வங்கத்துக் கிராமப்புறத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று அதற்குப் பதில் சொல்கிறது. அங்கே கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் குண்டானவர்களே இல்லை. நம் பக்கத்திலும் ஈரோடு மாவட்டம் நல்லாம்பட்டியில், கோவை கேஎம்சிஹெச் மருத்துவமனையின் மருத்துவர்கள் உழவர்களை வீடு வீடாகப் பரிசோதித்தபோது, காடு தோட்டத்தில் பாடுபடுகிறவர்களிடமும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கணிசமாக இருப்பதைக் கண்டார்கள். சர்க்கரை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கொழுப்புக் கல்லீரலும் கூடவே இருக்கும். இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங் பிரிவில் இருக்கிறார். வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. கால் வீக்கம் என்று வந்தார். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த நாள் அவர் மனைவி ஒரு துணிக்கடைப் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். கம்பெனி செய்த பரிசோதனைகள்தான். நான்கு ஆண்டுக்கு முந்தைய ஸ்கேனிலும் கிரேடு 1. அதற்கடுத்தவற்றிலும் கிரேடு 1. கடைசியிலும் அதேதான். 'நோய் முற்றவில்லை, அப்படியே இருக்கிறது' என்றுதான் யாருக்கும் தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

ஸ்கேன் தாள்களை ஒதுக்கிவிட்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களை வரிசையாக அடுக்கினேன். நான்கு ஆண்டுக்கு முன் பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்கள் 1,95,000. இப்போது 1,30,000. கல்லீரல் என்சைம்களில் எஸ்ஜிஓடி 44 இலிருந்து 62க்கு ஏறியிருந்தது. எஸ்ஜிபிடி மட்டும் 50க்குப் பக்கத்திலேயே நின்றது. இந்த எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாதவை. பிளேட்லெட்டுக்கு எதிரே 'குறைவு' என்று ஒரு சின்ன எழுத்து அச்சாகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த நான்கையும், அதாவது வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் ஆகியவற்றைச் சேர்த்துப் போடும் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபிப்-4 என்று பெயர். 2006இல் வந்தது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

விடை 1.3க்குக் கீழே என்றால் கல்லீரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேலே என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்தால் அடுத்த பரிசோதனை தேவை. இந்த மனிதருக்கு இப்போதைய கணக்கு 3.58 வந்தது. நான்கு ஆண்டுக்கு முந்தைய தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 1.53. அன்றைக்கே அடுத்த பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டிய எண். அந்தக் கணக்குக்கு வேண்டிய எல்லாமே கம்பெனி செலவில் அளந்து, அச்சடித்து, அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பெருக்கி வகுக்கத்தான் ஆளில்லை.

இதில் ஸ்கேன் எடுத்தவர்கள் பொய் எழுதவில்லை. கிரேடு என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. உங்களில் ஃபவுண்டரி வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். காஸ்டிங்கின் உள்ளே புளோ ஹோல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் டெஸ்ட் பண்ணுவீர்கள். அதே காஸ்டிங் எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமானால் பிரினெல் டெஸ்டுக்குத்தான் அனுப்புவீர்கள். ஒரு டெஸ்டின் சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கையெழுத்துப் போடமாட்டீர்கள். கல்லீரல் விஷயத்தில் அந்தத் தப்பைத்தான் ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறோம்.

வயிற்று ஸ்கேன் என்ன பார்க்கிறது? ஒலி அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. கொழுப்புத் துளிகள் அந்த அலையைச் சிதறடிப்பதால் கல்லீரல் வெள்ளையாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டு, அதைவிடக் கொஞ்சம் வெள்ளையாக இருந்தால் கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களின் ஓரம் மங்கினால் கிரேடு 2. அலை ஆழத்துக்குப் போகாமல் பின்னால் இருக்கும் உதரவிதானமே மறைந்துபோனால் கிரேடு 3. இது முழுக்கக் கண்ணால் பார்த்துச் சொல்வது. மெஷினில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கிறது. பார்ப்பவர் மாறினால் கிரேடும் மாறலாம். கொழுப்பு ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே அது கொழுப்புக் கல்லீரல்தான். ஆனால் இருபது சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும்போது இந்த ஸ்கேன் பல நேரங்களில் கோட்டைவிடும். மிதமான, அதிகமான கொழுப்பை நன்றாகவே கண்டுபிடிக்கும். விலை மலிவு, கதிர்வீச்சு கிடையாது. கொழுப்பைத் தேடும் முதல் வடிகட்டலுக்கு இது பொருத்தமானது. உங்கள் பேக்கேஜில் இது இருக்கட்டும்.

ஆனால் கொழுப்பு தானாகக் கல்லீரலைக் கொல்வதில்லை. கொழுப்பால் சிலருக்கு உள்ளே அழற்சி வருகிறது. ஆற ஆறத் தழும்பு விழுகிறது. தழும்பு கூடிக்கூடி, மெத்தென்று இருந்த கல்லீரல் இறுகிப்போகிறது. கடைசி நிலைதான் சிர்ரோசிஸ். கொழுப்புக் கல்லீரல் இருப்பவர்களில் யார் பிழைப்பார், யார் மோசமாவார் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது தழும்பின் அளவே என்று நீண்ட காலம் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சாதாரண ஸ்கேனில் அந்தத் தழும்பு தெரியாது. நன்றாக முற்றி, கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடாகி, மண்ணீரல் வீங்கிய பிறகுதான் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. தழும்பு முற்ற முற்றக் கொழுப்பு கரைந்துபோகலாம். அப்போது கிரேடு 3 கிரேடு 1 ஆகும். நோயாளி சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

பிளேட்லெட் ஏன் குறைகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இறுகிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழையத் திணறும். பின்னால் தேங்கி மண்ணீரலை வீங்க வைக்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபிப்-4 கணக்கில் பிளேட்லெட் இடம்பெறுவது அதனால்தான்.

ஃபிப்-4 ஒரு சந்தேகத்தைத்தான் எழுப்பும். 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதை அவ்வளவாக நம்ப முடியாது. 65 தாண்டியவர்களுக்கு 1.3 என்பதற்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் எழுந்தவர்களுக்குத்தான் இறுக்கத்தை நேராக அளக்கும் ஸ்கேன் தேவைப்படுகிறது. அதில் அதிகம் புழங்குவது ஃபைப்ரோஸ்கேன். பிரான்ஸ் நாட்டு எக்கோசென்ஸ் நிறுவனம் 2003இல் கொண்டுவந்தது. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவி ஒரு முனையை வைத்து அழுத்துவார்கள். விரலால் சுண்டியது போல 'டொக்' என்று ஒரு தட்டு. அந்தத் தட்டு கல்லீரலுக்குள் ஓர் அதிர்வலையாக ஓடும். இறுகிய கல்லீரலில் அலை வேகமாக ஓடும், மெத்தென்ற கல்லீரலில் மெதுவாக ஓடும். பத்து முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்வார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும். வலி இல்லை.

விடை கிலோபாஸ்கலில் வரும். எட்டுக்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இல்லை என்று பொதுவாக நிம்மதியாக இருக்கலாம். பன்னிரண்டுக்கு மேலே என்றால் கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். நான் சொன்ன மோல்டருக்கு 17 வந்தது. அதே மெஷின் கொழுப்புக்கும் ஓர் எண் தரும். சில முகாம்களில் அந்தக் கொழுப்பு எண்ணைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்துவிட்டு இறுக்கத்தின் எண்ணை மூலையில் போட்டுவிடுகிறார்கள். படிக்கும்போது மூலையில் இருப்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

இந்த எண்ணும் வேதவாக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போனால் கூடிக் காட்டும். மஞ்சள் காமாலை சமயத்திலும், இதயம் திணறிக் கல்லீரலில் ரத்தம் தேங்கியிருக்கும்போதும் கூடிக் காட்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அளக்கவே வராது. குண்டானவர்களுக்கு வேறு முனை வைத்து எடுக்க வேண்டும். அதனால்தான் இதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் செய்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தேவையில்லாதவர்களுக்குச் செய்தால் பணமும் வீண், பொய்ப் பயமும் வரும். ஃபிப்-4 வடிகட்டித் தரும் கொஞ்சம் பேருக்குச் செய்தால் போதும்.

எம்ஆர்ஐ பற்றியும் சிலர் கேட்கிறீர்கள். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் காந்தப் புலத்தில் வெவ்வேறு வேகத்தில் துடிப்பதை வைத்து, கல்லீரலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எம்ஆர்ஐ துல்லியமாகச் சொல்லிவிடும். இறுக்கத்தையும் அளக்கும். மருந்து ஆராய்ச்சியில் அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் கம்பெனிப் பரிசோதனைக்கு அது வேண்டாத செலவு. சிடி ஸ்கேன் இதற்கென்று எடுக்கவே வேண்டாம், கதிர்வீச்சு உண்டு. வேறு காரணத்துக்கு எடுத்த சிடியில் கொழுப்பு தெரிந்திருந்தால் அந்தத் தகவலை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இதை உங்களிடம் மட்டும்தான் கேட்க முடியும். அந்த மோல்டர் கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்லும் முன்பே என்னிடம் சொன்னது இது: "நானுங்க ஒரு சொட்டுத் தொட்டதில்லைங்க. லிவர்னு ரிப்போர்ட்ல வந்ததுல இருந்து கம்பெனில எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க." ரிப்போர்ட் முதலில் ஹெச்ஆர் மேசைக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து பேச்சு பரவியிருக்கிறது. அதற்குப் பயந்து, கடைசி ஆண்டு ஸ்கேன் அறிக்கையை அவர் எந்த மருத்துவரிடமும் காட்டவில்லை. குடியாலும் கல்லீரல் கெடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை, எடை, மரபு, சாப்பாடு இவற்றாலேயே இத்தனை கோடிப் பேருக்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும்போது, லிவர் என்றதும் பாட்டிலை நினைப்பது அநியாயம். ஒருவருடைய அறிக்கை அவர் கைக்கு மட்டும் போக வேண்டும். மூடிய உறையில், அவருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு. நிர்வாகத்துக்கு எத்தனை பேருக்கு என்ன என்ற மொத்தக் கணக்கு போதும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் வீட்டில்கூடச் சொல்வதில்லை.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கல்லீரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. கியூபாவில் 293 பேரை ஓராண்டு சாப்பாட்டு ஒழுங்கிலும் நடைப்பயிற்சியிலும் வைத்துப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. எண்பது கிலோ ஆளுக்கு அது எட்டுக் கிலோ. 2024 மார்ச்சில் இந்த நோய்க்கென்றே முதல் மருந்தாக ரெஸ்மெட்டிரோமுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் தழும்பு நடுத்தரம் முதல் அதிகம் வரை போய், ஆனால் சிர்ரோசிஸ் ஆகாதவர்களுக்குத்தான். இறுக்கத்தை அளக்காமல் யாருக்கு மருந்து, யாருக்கு நடை என்று எப்படிப் பிரிப்பது?

எட்டுக் கிலோ குறைப்பது தொழிலாளி தனியாகச் செய்கிற காரியமும் அல்ல. பத்தரை மணி டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே பேக்கரியிலிருந்து தேங்காய் பன்னோ பப்ஸோ. நைட் ஷிஃப்டில் பரோட்டா. கேன்டீனில் சோறு மலை போல, பொரியல் ஒரு கரண்டி. இதெல்லாம் உங்கள் ஏற்பாட்டில் நடப்பது. சுண்டலும் வேர்க்கடலையும் நம் ஊரில் கிடைக்காத பொருளா? அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சர்க்கரை போடாத டீயைத் தனிக் கேனில் வையுங்கள், எடுத்துக்கொள்வார்கள்.

மத்திய அரசு 2021 பிப்ரவரியில் கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் திருத்திய வழிகாட்டுதல்களையும் பயிற்சிக் கையேட்டையும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. ஆனால் அந்த ஊழியர்கள் வருகிற பகல் நேரத்தில் உங்கள் ஆட்கள் உங்கள் கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர்களை எளிதில் பிடிக்க உங்களால்தான் முடியும்.

அடுத்த பரிசோதனைக்குக் கொட்டேஷன் கேட்கும்போது நீங்கள் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான். பேக்கேஜில் எஸ்ஜிபிடி மட்டும் இருந்து எஸ்ஜிஓடி விடுபட்டிருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையில் வந்துவிடும். 35 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஃபிப்-4 கணக்கிட்டு, சென்ற ஆண்டு எண்ணையும் பக்கத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கையில் கிரேடோடு நிறுத்தாமல், கல்லீரலின் மேற்பரப்பு எப்படி, மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளில் எத்தனை பேருக்கு ஸ்கேன் செய்வார்கள் என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குகிறவர் எழுதும் கிரேடு எதற்கும் உதவாது. 1.3ஐத் தாண்டியவர்களுக்கு, சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுப்பு கொடுத்து அடுத்த பரிசோதனைக்கு அனுப்புங்கள். இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போகலாம். மற்றவர்களுக்குக் கோவை திருச்சி சாலையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெருந்துறையிலும் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கையில் எண்கள் எழுதிய ஒரு தாளோடு போகிறவரை அங்கே யாரும் 'கிரேடு 1தானே, ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பமாட்டார்கள்.

புதிய பரிசோதனை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சென்ற ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் அந்த லேபில் இருக்கும். சர்க்கரை இருப்பவர்கள், நாற்பது தாண்டியவர்கள் பட்டியலை முதலில் எடுத்து இந்த வாரமே கணக்குப் போட்டு, அவரவர் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அன்புடன்,
உங்கள் ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பொது மருத்துவர்